இரண்டு குழாய்களில் எது யாருடையது

என் மகள் ஷமீம் வகுப்பை விட்டு அடிக்கடி வெளியே போகிறாள் என்று சொல்ல அவளுடைய டீச்சர் என் கடைக்கே வந்தார். மாரண்டஹள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். டீச்சர் அந்த மோட்டார்களுக்கு நடுவே நின்றபடி, "ஒரு பீரியடுக்கு ரெண்டு தடவ எந்திரிக்குதுங்க பாய். என்னான்னு பாருங்க" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவளுக்கு ஒன்பது வயது. வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், அதனால் போகிறாள் என்று நினைத்தேன். இளைத்துக்கொண்டே வந்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம். சோர்ந்து கிடக்கிறாளே என்று நானே குளுக்கோஸ் பொட்டலம் வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கொடுத்தேன். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாரோ ஒருவர் வீட்டிலும் இப்போது அந்தப் பொட்டலம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை அவளை எழுப்ப முடியவில்லை. வெகுதூரம் ஓடி வந்தவள்போல் ஆழமாக மூச்சு வாங்கினாள். வாடகைக் கார் பிடித்து தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வாயருகே குனிந்து முகர்ந்தார். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை எனக்கும் வந்தது.

"சர்க்கரை வியாதி பாய்."

"கொழந்தைக்குங்களா?"

"கொழந்தைக்கும் வரும்."

மூன்று நாளில் கண் திறந்தாள். கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் புளித்துப்போகும் நிலை) என்று பிறகு சொன்னார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் காலை வேறாகிவிட்டது. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைப்போம். பெனடிக்ட் கரைசலில் (சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்து) எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு ஸ்டவ்வில் காட்டுவோம். நீலமாகவே நின்றால் என் மனைவி மும்தாஜ் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பாள். செங்கல் நிறமானால் ஒன்றும் சொல்லாமல் குழாயைக் கழுவுவாள். வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்சுலின் புட்டியை வைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து, தர்மபுரி டாக்டரின் கடிதத்தோடு பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஷமீமை அழைத்துப்போனேன். அங்கேதான் டாக்டர் சுமித்ராவைப் பார்த்தேன். அவர் தாய்மொழி கன்னடம். ஓசூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். குழந்தைகளின் சர்க்கரை நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"இது சாப்பாட்டால வர்றது இல்ல பாய். அவ உடம்பே அவ கணையத்த அடிச்சிருக்கு. கணையத்துல இன்சுலின் சுரக்கிற எடத்த மட்டும் தேடித் தேடி அடிக்கும்."

"எதுக்குங்க அடிக்கணும்?"

"தெரியாது" என்றார். டாக்டர் ஒருவர் இந்த வார்த்தையைச் சொல்லி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். பின்னால் அவரிடமிருந்து பல முறை கேட்டேன்.

நோய் வெளியே தெரிவதற்கு முன்பே, சில குழந்தைகளின் ரத்தத்தில் அதன் அடையாளமாக ஆன்டிபாடி (கிருமியோடு சண்டையிட உடம்பு தயாரிக்கும் பொருள், இங்கே அது தன் உறுப்பையே எதிர்க்கிறது) காணப்படுகிறது என்று வெளிநாடுகளில் கண்டுபிடித்திருந்தார்கள். நம் ஊர்க் குழந்தைகளிடம் அப்படி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நோயாளிக் குழந்தைகளின் தம்பி தங்கைகளிடம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். எங்களுக்கு ஷமீமுக்குக் கீழே இருவர்: எட்டு வயது மகன் நசீர், ஆறு வயது மகள் ரஹ்மத்.

"இருக்குன்னு தெரிஞ்சா தடுக்க மருந்து இருக்குங்களா?"

"இல்ல. அதனாலதான் ரிசல்ட்ட யாருக்கும் சொல்ல வேணாம்னு நெனைக்கிறேன். நீங்க கேட்டா சொல்றேன்."

மும்தாஜ் வேண்டாம் என்றாள். ரத்தம் கொடுக்கலாம், தெரிந்துகொள்ள வேண்டாம் என்பது அவள் பக்கம். தெரியாமல் எப்படி இருப்பது என்பது என் பக்கம். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தவன் நான். இன்னொரு முறை தெரியாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. நான் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டு குழந்தைகளையும் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போகாமல், பாலக்கோட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுத்து, சீரம் (ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீர்) மட்டும் ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர் சுமித்ரா. அதைக் கொண்டுபோனவன் நான். சிறிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள். காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டியவனும் நான்தான். வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, குழாய்களை அதற்குள் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ராயக்கோட்டை தாண்டியதும் பஸ் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சர்பத் கடையில் ஐஸ் வாங்கிப் பிளாஸ்க்கைத் திறந்தேன். உள்ளே ஐஸ் தண்ணீராகியிருந்தது. அதன் மேல் 'நசீர்', 'ரஹ்மத்' என்ற இரண்டு காகிதங்கள் மிதந்தன. குழாய்கள் வெறும் குழாய்களாக நின்றன.

இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே அளவு, ஒரே வெளிர் மஞ்சள். நசீருடையதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்று ஒரு நினைவு. அது நினைவா, நான் அப்போதே உண்டாக்கிக்கொண்டதா என்று இன்றும் தெரியாது.

திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் குழந்தைகளுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். மும்தாஜ் இரண்டாம் முறை ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என் கடைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தகரத்தில் ஆணியால் பெயர் எழுதிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறவன் நான். ஒருவர் மோட்டாரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்ததில்லை. காகிதங்களைச் சட்டையில் ஒற்றி உலர்த்தினேன். தபால் ஆபீஸில் தபால்தலை ஒட்ட வைத்திருக்கும் பசையை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு குழாயில் ஒன்றும் மற்றதில் மற்றதுமாக ஒட்டினேன். அல்லாவின் பெயரைச் சொல்லி ஒட்டினேன் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

டாக்டர் சுமித்ரா குழாய்களை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். "ரஹ்மத்துக்கு ஒண்ணும் இல்ல. நசீருக்கு ஆன்டிபாடி இருக்கு. ஆனா இது நோய் இல்ல பாய், இத ஞாபகம் வச்சிக்கோங்க. வரலாம், வராமலே போகலாம்." நான் தலையாட்டினேன். ஓசூரில் நடந்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நசீர்' என்ற பெயரைக் கேட்டதும் அது உண்மை என்றே நம்பினேன். தாளில் எழுதி, ஓர் ஆஸ்பத்திரியின் வழியாகத் திரும்பி வந்த பெயருக்கு அப்படி ஒரு பலம் இருக்கிறது. ஒட்டியவனே நம்பினான்.

வீட்டில் எல்லாம் மாறியது. மும்தாஜ் நசீரைக் கண்ணைவிட்டு அகல விடமாட்டாள். அவன் சாப்பிடும் சோற்றை எண்ணாத குறை. இந்த நோய் சர்க்கரை சாப்பிடுவதால் வருவதில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நானும் சொன்னேன். "சாப்பிடாம இருந்தா என்னா கெட்டுப்போவுது?" என்றாள். தினமும் அவன் சிறுநீரையும் சேர்த்துக் காய்ச்சினாள். ஸ்டவ் முன்னால் இரண்டு குழாய்கள். அவனுடையது எப்போதும் நீலம்தான். நீலத்தைப் பார்த்தும் அவள் முகம் தெளியவில்லை.

பெருநாள் அன்று ஷமீம் சேமியாப் பாயசம் தனக்கு வேண்டாம் என்று பழகியவளாக எழுந்து போய்விட்டாள். மும்தாஜ் ரஹ்மத்துக்கு ஊற்றினாள். நசீரின் கிண்ணத்தில் ஊற்றவில்லை.

"எனக்கு எங்கம்மா?"

"ஒனக்கு வேணாம் கண்ணு."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனேன். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் தழுவிக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை. மாலையில் பிள்ளைகள் விளையாடப் போனதும் மும்தாஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சர், ஐஸ், மிதந்த காகிதம், பசை.

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பாயசக் கிண்ணங்களை எடுத்து அடுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, அப்ப நான் எந்தப் புள்ளயப் பாத்துக்கறது?"

மறுநாள் முதல் பஸ்ஸில் பெங்களூர் போனேன்.

டாக்டர் சுமித்ரா குறுக்கே பேசாமல் கேட்டார். முதலில் ரத்த குரூப்பை வைத்துப் பிரிக்க முடியுமா என்று பார்த்தார். மிச்சம் வைத்திருந்த சீரத்தில் அதைச் சோதிக்கலாமாம். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே குரூப். அந்த வழியும் மூடியது. பிறகு அவர் மேசைமேல் இருந்த நோட்டைத் திறந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். எங்களைப்போல் ஐஸில் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றேன்.

"நீங்க வந்து சொல்லிட்டீங்க. சொல்லாதவங்க எத்தன பேருன்னு யோசிக்கிறேன்." நோட்டை மூடினார். "காயிதத்துல பேர் எழுதி ஐஸ்ல வைக்கச் சொன்னது நான்தானே. தப்பு உங்க கையில நடந்துச்சு. திட்டத்துல அதுக்கு எடம் விட்டது நான்."

அதுவரை எடுத்த ரத்தம் அத்தனையையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாக் குடும்பங்களையும் புதிதாக அழைத்தார். இம்முறை பெயர் இல்லை. கண்ணாடியிலேயே கீறிய எண்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்றார். ஒரே தடவை பார்த்துச் சொல்வது, ஓடுகிற பஸ்ஸை ஒரு போட்டோ எடுத்துவிட்டு அது வருகிறதா போகிறதா என்று சொல்வதைப் போன்றது என்றார்.

நோயே இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் ரத்தமும் வேண்டும் என்றார். எல்லாக் குழந்தைகளிடமும் கொஞ்சம் ஆன்டிபாடி இருந்துவிட்டால்? அதைப் பார்க்காமல் எதை எதோடு ஒப்பிடுவது? என் கடைக்கு வரும் மாதப்பனிடம் கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயி. தன் மகளை அனுப்பச் சம்மதித்தார். ஆனால் ஒன்று கேட்டார்: "ஏம் பாய், எங்க புள்ளைக்கு அது இருந்துச்சுன்னா சொல்லுவாங்களா? சொன்னா நாங்க என்ன பண்றது?" அதை அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அதன் பிறகு ஊசி போடுவதற்கு முன்பே, தெரிய வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கமானது.

புதிதாக எடுத்ததன் முடிவு வந்தது. நசீருக்கு இல்லை. ரஹ்மத்துக்கும் இல்லை.

"அப்ப முன்ன இருந்தது?"

"போயிருக்கலாம். சில பேருக்கு வந்துட்டுப் போகுது. இல்ல, அப்பப் பாத்தவங்க கண்ணு தப்பா இருக்கலாம்." அந்தச் சோதனையை வெளிநாட்டில் செய்தார்கள். கணையத்தின் மெல்லிய துண்டின் மேல் நம் சீரத்தை ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒளிர்கிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மங்கலாக ஒளிர்ந்தால் ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். அதைப் பிடிக்கத்தான் டாக்டர் சுமித்ரா ஒரு வேலை செய்திருந்தார். சில குழந்தைகளின் ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு வேறு எண்களில் அனுப்பியிருந்தார்.

"ஒரு கொழந்தைக்கு ஒரு நம்பர்ல இருக்குன்னு வந்திருக்கு. இன்னொரு நம்பர்ல இல்லன்னு வந்திருக்கு. ரெண்டும் ஒரே கையில எடுத்த ஒரே ரத்தம் பாய்."

அதுவரை என் குழப்பம் எல்லாம் எது யாருடையது என்பதுதான். சரியாக ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்று நினைத்து என்னையே அறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சரியாக ஒட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது என்றால், என் தவறின் அளவு என்ன? அது குறைந்ததா? குறையவில்லை. ஆனால் அதை வைக்க ஓர் இடம் இல்லாமல் போனது.

வீட்டில் மும்தாஜ் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு. வாரம் ஒரு நாள் வெள்ளிக்கிழமை காலையில் சின்னவர்கள் இருவருடைய சிறுநீரையும் பார்ப்பது. மற்ற நாள்களில் பார்ப்பதில்லை. நசீரைக் கூப்பிட்டு, "அம்மாதான் தப்பு பண்ணேன், நீ இல்ல" என்று சொன்னாளாம். என்னிடம் அவன்தான் சொன்னான்.

அடுத்த வருடம் ரஹ்மத்தின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தது. இரண்டு எண்களிலும் இருந்தது. அதற்கடுத்த முறையும் இருந்தது. நசீருக்கு ஒரு முறை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வந்தது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ரஹ்மத்துக்குப் பத்து வயது நடந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை குழாய் பச்சையானது. அடுத்த நாள் மஞ்சள். அவள் இளைக்கவில்லை, சோரவில்லை, தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பெங்களூர் பஸ்ஸில் தானே ஏறினாள், நடந்தே ஆஸ்பத்திரிக்குள் போனாள், அன்றே இன்சுலின் தொடங்கினார்கள். அவள் மூச்சில் அந்தப் பழ வாசனை ஒரு நாளும் வரவில்லை. முதல் ஊசியை ஷமீம் போட்டாள். "அழுத்திப் புடிக்காத, சும்மா வுடு கைய" என்று தங்கைக்குச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஊசி போடுவதில் எங்களைவிடத் தேர்ந்திருந்தாள்.

அந்த முதல் குழாய் ரஹ்மத்துடையதுதானா? டாக்டர் சுமித்ராவிடம் கேட்டேன்.

"தெரியாது பாய். அவளோடதா இருந்திருந்தாலும் நான் ஒண்ணும் தடுத்திருக்க முடியாது. ஆனா வாரா வாரம் பாத்தீங்களே, அது தடுத்திருக்கு. நோய இல்ல, மயக்கத்த." இதைத்தான் என்னைப்போன்ற பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். அந்த ரத்தம் சொன்னது என்னவென்று எனக்கு இன்றும் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள முயன்றதில் நாங்கள் விழித்திருந்தோம்.

நசீருக்குப் பதின்மூன்று வயதானபோது கடைசியாக ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் திட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. விவரம் தெரிந்த பிள்ளைகளிடம், பெற்றோரிடம் அல்ல, அவர்களிடமே கேட்க வேண்டும். நானும் மும்தாஜும் சுவரோரம் நாற்காலியில் இருந்தோம்.

"ரிசல்ட் வந்தா ஒனக்குச் சொல்லட்டுமா?" என்று டாக்டர் சுமித்ரா அவனிடம் கேட்டார்.

"மருந்து வந்திருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வேணாங்க. வாரா வாரம் பாத்துக்கறேன்."

என் வாய் திறந்தது. மும்தாஜ் என் கையைப் பிடித்தாள். டாக்டரம்மா நோட்டில் எழுதி, அவனிடமே திருப்பிக் காட்டினார். அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் உடம்பிலிருந்து வந்த உடம்பு என்று அவனை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்று அந்தக் கை வேறொருவருடைய கையாகக் கனத்தது. அதற்குள் நடப்பது எனக்குச் சொல்லப்படாது. இன்னும் வராத வருடங்கள் முன்னால் எங்கோ இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவை அந்தக் கைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம், ஓடாமலும் இருக்கலாம். கடந்துபோன பொழுதுக்குள் பஸ் எங்களைக் கொண்டுபோகிறதா, வரப்போகும் பொழுதுக்குள் கொண்டுபோகிறதா என்று சற்று நேரம் எனக்குப் பிடிபடவில்லை.

மாரண்டஹள்ளி வந்தது. "நசீரு, எந்திரிப்பா" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கினான்.